துப்பாக்கியா, பொம்பளைப் பிள்ளைக்கா?

திருவக்கரையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. பத்தொன்பது வயது மகள். இரண்டு வருஷத்துக்கு முன் மொட்டை மாடியிலிருந்து தவறி விழுந்ததில் முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. "எங்க ஊர்ல மரமெல்லாம் கல்லாப் போய்க் கிடக்குது. என் பொண்ணும் அப்படி ஆயிட்டாளேம்மா. பௌர்ணமி தவறாம வக்கிரகாளி அம்மனை வேண்டிக்கிறேன். டி.வி.யில சக்கர நாற்காலியில உட்கார்ந்து ஒரு பொண்ணு துப்பாக்கி சுட்டு ஜெயிச்சதைப் பார்த்துட்டு, 'நானும் சுடறேன்'னு ஒரே பிடிவாதம். பொம்பளைப் பிள்ளைக்குத் துப்பாக்கியான்னு அவ அப்பா கோவிக்கிறாரு. வெளியே கூட்டிட்டுப் போனா நாலு பேர் பார்ப்பாங்களே. நான் என்ன செய்யட்டும்?"

சகோதரி, அம்மனை வேண்டிக்கொள்ளுங்கள். மனசுக்கு அது பெரிய பலம். கூடவே உங்கள் மகள் டி.வி.யில் பார்த்தது யாரை என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பெண் அநேகமாக ஜெய்ப்பூரைச் சேர்ந்த அவனி லேகராவாகத்தான் இருக்க வேண்டும். 2012-ல் ஒரு கார் விபத்து. அப்போது பத்து வயதுச் சிறுமி. உங்கள் மகளைப் போலவே முதுகுத் தண்டில் அடி, கால்கள் போய்விட்டன. பெண் மனம் ஒடிந்து கிடந்ததைப் பார்த்த தகப்பனார், 2015-ல் அவரைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போனார். ஆமாம், தகப்பனார்தான்! உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஆறு வருஷம் கழித்து, 2021-ல் டோக்கியோவில் நடந்த பாராலிம்பிக்கில், பத்து மீட்டர் காற்று ரைபிள் போட்டியில் தங்கம். பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண்மணி அவர். 2024-ல் பாரிஸில் மறுபடியும் அதே போட்டியில் தங்கம். அதுவும் எப்படி? அதே வருஷத்தில் பித்தப்பை ஆபரேஷன் ஆகி, உடம்பு தேறி வந்து!

அதே பாரிஸ் மேடையில் வெண்கலம் வாங்கி நின்றவர் மோனா அகர்வால். குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்து பயிற்சி எடுத்தவர். ஜபல்பூர் ரூபினா பிரான்சிஸுக்குப் பிஸ்டலில் வெண்கலம். அவருடைய தகப்பனார் ஒரு மோட்டார் மெக்கானிக்.

ஆண்களில் மனீஷ் நர்வால், சிங்ராஜ் அதானா இருவரும் ஹரியானாக்காரர்கள். டோக்கியோவில் ஒரே பிஸ்டல் போட்டியில் ஒருவர் தங்கமும் மற்றவர் வெள்ளியும் வாங்கினார்கள். பக்கத்துக் கேரளத்திலிருந்து சித்தார்த்த பாபு என்பவரும் நமது அணியில் சுட்டிருக்கிறார். மொத்தமாகக் கணக்குப் போட்டால் துப்பாக்கியில் மட்டும் டோக்கியோவில் ஐந்து பதக்கம், பாரிஸில் நான்கு. பாராலிம்பிக்கில் இந்தப் போட்டியைச் சேர்த்ததே 1976-ல், கனடாவின் டொரொண்டோவில்தான். அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருஷம் நமக்கு இதில் ஒரு பதக்கம்கூட இல்லை!

இனி, "துப்பாக்கியா?" என்ற பயத்துக்கு வருவோம். பத்து மீட்டர் போட்டியில் சுடுவது காற்றுத் துப்பாக்கி. வெடிமருந்து கிடையாது. நாலரை மில்லிமீட்டர் ஈயக் குண்டு, காற்றின் அழுத்தத்தால் பாய்கிறது. குறியின் நடுப்புள்ளி எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர்! கோலப் பொடியில் ஒரு துணுக்கு. அதைப் பத்து மீட்டருக்கு அப்பாலிருந்து அடிக்க வேண்டும். இறுதிச் சுற்றில் 24 குண்டு. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி. டோக்கியோவில் அவனி எடுத்தது 249.6. அதாவது குண்டுக்குச் சராசரி 10.4.

இதற்கு ஓடத் தேவையில்லை, குதிக்கத் தேவையில்லை. மூச்சை அடக்கி, கையை அசையாமல் வைத்து, மனசை ஒரு புள்ளியில் நிறுத்தத் தெரிய வேண்டும். துப்பாக்கியைத் தானே தாங்கக்கூடியவர்களுக்கு ஒரு பிரிவு. கையிலும் பலம் குறைந்தவர்களுக்குத் தாங்கி வைத்துச் சுட இன்னொரு பிரிவு. பொம்பளைப் பிள்ளைக்கு ஆகாதது இதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. போட்டிக்கான ரைபிள் லட்சக்கணக்கில் விலை. பயிற்சிக் கூடம் கிராமத்தில் இல்லை. எல்லோரும் அவனி ஆகிவிடவும் முடியாது. அதனால் நாளைக்கே துப்பாக்கி வாங்க ஓடாதீர்கள். முதலில் மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசலுக்கு வரட்டும். அதற்கு வீட்டில் செய்ய வேண்டியவை:

படுக்கைப் புண்தான் முதல் எதிரி. உணர்ச்சியில்லாததால் புண் வருவதே தெரியாது. படுத்திருக்கும்போது இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பதினைந்து நிமிஷம், அரை மணிக்கொரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். தினம் ராத்திரி கண்ணாடி வைத்து இடுப்பு, பிட்டம், குதிகாலைப் பார்த்துக்கொள்ளப் பழக்குங்கள். சிவந்த இடம் மாறவில்லை என்றால் அந்த இடத்தில் பாரம் படக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

சுடு சோற்றுத் தட்டு, காப்பி டம்ளர், வெந்நீர்ப் பை எதையும் மடியில் வைக்காதீர்கள். வெந்துபோனாலும் அவளுக்குத் தெரியாது.

சிறுநீர் விஷயத்தில் வெட்கம் வேண்டாம். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி, வேளை தவறாமல், கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுச் செய்ய வேண்டும். நாற்றமடித்தாலோ குளிர் காய்ச்சல் வந்தாலோ தாமதிக்கக் கூடாது. "அடிக்கடி தொந்தரவு" என்று தண்ணீரைக் குறைப்பது பெரிய தப்பு.

உங்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அதை வளர்த்த டாக்டர் மேரி வர்கீஸ் யார் தெரியுமா? 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்தவர்! 1972-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

விழுப்புரத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு எழுதிப் போடுங்கள். சக்கர நாற்காலி, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அதுதான் வாசற்படி. விளையாட்டில் சேர வழியையும் அங்கேயே விசாரியுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் நூற்றுக்கு ஐந்து இடம், அரசு வேலையில் நூற்றுக்கு நாலு இடம் இவர்களுக்கு உண்டு. பாதியில் நின்ற படிப்பைத் தொடரட்டும். அவனியும் சட்டம் படித்தவர்தான்.

நாலு பேர் பார்ப்பார்கள் என்கிறீர்கள். பார்க்கட்டுமே! முதல் நாள் "ஐயோ பாவம்" என்பார்கள். பத்தாம் நாள் "எங்கேம்மா கிளம்பிட்டே?" என்று கேட்பார்கள். அந்தப் பத்து நாளைத் தாண்டுவதற்குத்தான் தாயின் துணை வேண்டும்.

அடுத்த பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போகும்போது அவளையும் நாற்காலியில் வைத்து அழைத்துக்கொண்டு போங்கள், சகோதரி. அவளுக்கு வேண்டியதை அவளே அம்மனிடம் கேட்டுக்கொள்ளட்டும்.