கம்பஸ் கிடைக்காதவர்கள்

கலேவலப் பக்கம் வஹகோட்டையில் உள்ள அந்தோனியார் கோயிலுக்கு எல்லா மதத்தாரும் நேர்ச்சையோடு வருவார்கள். போன வருஷம் அங்கே மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஓர் அம்மா கண்மூடி நின்றார். ரத்தோட்டைப் பக்கத் தோட்டத்துக்காரர், சைவக் குடும்பம். கணவர் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் நாட்டாமி. மகன் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. இஸட் புள்ளி மட்டும் வெட்டுப்புள்ளியைத் தொடுமோ தொடாதோ என்ற பயம். கம்பஸ் கிடைக்காவிட்டால் உயர் தேசிய டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாமே என்றேன்.

"ஐயோ சேர், டெக்குக்குப் போனா தோத்துப்போனவன்னுதானே சொல்லுவாங்க."

அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான் நான் முழுநேரமாகப் பொருளியல் படிப்பிக்கிறேன் என்று சொன்னதும் அவருக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஊர் சொல்வதைத்தான் அவர் சொன்னார். என் கோபமெல்லாம் ஊர் சொல்வதன் மேல். கெட்டிக்காரப் பிள்ளை கம்பஸுக்குப் போகும், மிச்சம் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு வரும், கம்பஸில் விரிவுரையாளராக முடியாதவர் அந்த மிச்சத்துக்குப் படிப்பிப்பார். கல்யாண வீட்டிலும் கேட்கிறேன், பஸ்ஸிலும் கேட்கிறேன். இது பொய். பொருளியல் படித்த எவரும் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது.

இந்த நாட்டில் உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். தகுதி உண்டு என்று பரீட்சைத் திணைக்களமே எழுதிக் கொடுத்த பிறகுதான் மற்ற மூவரும் வெளியே நிற்கிறார்கள். பெரும்பாலான துறைகளில் இடங்கள் 40 சதவீதம் தீவு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. அதனால் ஒரே புள்ளி ஒரு மாவட்டத்தில் உள்ளே விடும், இன்னொரு மாவட்டத்தில் வெளியே நிறுத்தும். இந்த வருஷம் போதாத புள்ளி போன வருஷம் போதுமானதாக இருந்திருக்கலாம். இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. வசதியில்லாத மாவட்டத்துப் பிள்ளைக்கு அது நியாயம். ஆனால் வெட்டுப்புள்ளி என்பது கேள்விக்கும் நிரம்பலுக்கும் நடுவே விழுகிற கோடு. இருப்பது பத்துக் கதிரை, வந்தது நாற்பது பேர் என்றால் நின்றுகொண்டிருக்கும் முப்பது பேருக்கும் கால் ஊனம் என்றா சொல்வோம்?

கம்பஸ் கிடைக்காதவர் மிச்சம் என்ற எண்ணம் வாய்ப்பேச்சோடு நின்றிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 2015 ஒக்டோபர் 29ஆம் திகதி கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா மாணவர்கள் கொழும்பு வார்ட் பிளேஸில், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் பக்கத்தில், தங்கள் டிப்ளோமாவைப் பட்டத்துக்கு நிகராக ஏற்கும்படி கேட்டு நின்றார்கள். பொலிஸார் பொல்லால் அடித்தார்கள். பெண் பிள்ளைகளும் அடிபட்டார்கள். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. அவர்கள் கேட்டது காசோ சலுகையோ இல்லை, படித்த படிப்புக்கு ஒரு மதிப்பு. அடுத்த வாரம் என்னிடம் வந்த கேள்வி, "அவங்கள் கம்பஸ் பிள்ளைகளா?" என்பதுதான். இல்லை என்றதும் கேட்டவருடைய அக்கறை அங்கேயே முடிந்துவிட்டது.

என் வகுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பாடம் ஆங்கிலத்தில். விளங்காத இடத்தில் தமிழும் சிங்களமும் வரும். பிள்ளைகளில் சிலர் கலேவலப் பக்கம் பெரிய வெங்காயம் போடுகிற குடும்பங்கள். 2023 டிசம்பர் 8ஆம் திகதி இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. இங்கே விலை ஏறியது. "அப்போ உங்கட வீட்டுக்கு நல்ல காசு வந்திருக்குமே?" என்று கேட்டேன். வரவில்லை. சிறுபோக வெங்காயம் ஆவணி, புரட்டாசியிலேயே கிண்டி விற்றாயிற்று. வைத்திருக்கக் களஞ்சியம் இல்லை, வைத்தால் அழுகும், கடன்காரன் வாசலில் நிற்பான். விலை ஏறியபோது கையில் சரக்கு இல்லை. சரக்கு கையில் இருக்கும் மாதத்திலோ இறக்குமதி வெங்காயம் வந்து விலையை அமுக்கும். இறக்குமதி மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீட்டை எந்தத் திகதியில் ஏற்ற வேண்டும் என்று ஒரு மாணவி கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினாள். குறுங்கால நிரம்பலின் நெகிழ்ச்சி பற்றி எந்தப் புத்தகமும் அவளுக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது. அவள் கம்பஸ் கிடைக்காதவள்.

கம்பஸ் பட்டம் இருந்தால் பொருளாதாரம் விளங்கிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு 2022ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த நெருக்கடிக்குப் பொறுப்பாக்கியவர்களில் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர் இருந்தார்கள், ஒருவர் பொருளியல் பேராசிரியர். படிப்பு வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பொருளியல் நாலு கம்பஸ் மதிலுக்குள் மட்டும் இருந்தால் நாடு தப்பாது. வெங்காயம் நிறுக்கிறவனுக்கும் கணக்கு எழுதுகிறவளுக்கும் அது போய்ச் சேர வேண்டும். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எங்களுடையது. அந்த வேலைக்காகத்தான் நான் இங்கே இருக்கிறேன், வேறிடம் கிடைக்காததால் அல்ல.

வேறிடம் கிடைக்காதவர்தான் படிப்பிக்க வருவார் என்பது பொய் என்பதற்கு வஹகோட்டையிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் இங்கே குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயக் கைதிகளின் வழிவந்தவர்கள் என்று இந்த ஊர்க் கத்தோலிக்கர் தங்களைச் சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்தில் இந்த நாட்டில் குருமார் இல்லாத ஆண்டுகள் பல. அப்படிப்பட்ட காலங்களில் சிங்களக் கத்தோலிக்க ஊர்களில் செபம் சொல்லிக் கொடுத்தும் பிள்ளைகளைப் படிப்பித்தும் வந்தவரை 'அண்ணாவி' என்பார்கள். நம்முடைய சொல்தான், ஆசிரியர் என்று பொருள். அண்ணாவிக்குக் குருப்பட்டம் இல்லை. அதற்காக அவரைத் தோற்றுப்போன குரு என்று எந்த ஊரும் சொன்னதில்லை.

அன்று அந்த அம்மாவிடம் விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மகன் வருவதானால் அப்பா தம்புள்ளையில் ஒரு கிழமை இறக்கிய மூட்டைக் கணக்கையும் கொண்டுவரட்டும், எந்த நாள், எந்தச் சாமான், எத்தனை என்று, முதல் பாடத்துக்கு அது போதும் என்றேன்.

"கம்பஸ் கிடைச்சா, சேர்?"

"கிடைச்சா சந்தோஷமாப் போகட்டும். கிடைக்காட்டி எங்களிட்ட வரட்டும்."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மெழுகுதிரிப் பக்கம் திரும்பி, கம்பஸுக்காகவே வேண்டிக்கொண்டு நின்றார்.