தேறுங் காலத்துப் பாடம்

துன்பம் மனிதனுக்கு நல்லாசிரியன் என்று பலரும் கூறக் கேட்கின்றோம். நோயுற்றுக் கிடப்பவனைக் காணச் செல்வோர், ஒரு சீப்புப் பழத்தோடு இவ்வறிவுரையையும் தவறாது கொண்டு செல்கின்றனர். நோயும், அதனின்று தேறுங் காலமும் நமக்கு எத்துணையோ கற்பிக்கக்கூடும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை தாமாகவே கற்பிக்கும் என்பது பொருந்தாது. துன்பம் ஒன்றே ஆசிரியனாயின், உலகில் மிகுதியாகத் துன்புற்றோரெல்லாம் மிகுதியாக அறிவுற்றோராய் இருத்தல் வேண்டுமன்றோ? நேர்ந்தது யாது, அஃது எதனால் நேர்ந்தது, இனிச் செய்யத்தக்கது யாது என்று வினவுவோர்க்கே அனுபவம் பாடமாகும். நல்ல அனுபவத்திற்கும் தீய அனுபவத்திற்கும் இவ்விதி ஒன்றே.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை, வேலூரிலேயே உண்டு. டாக்டர் பால் பிராண்டு 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோர்க்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல நிலையிலுள்ள தசைநார்களை இடம் மாற்றித் தைத்துப் பயன்படச் செய்யலாம் என்று அவரும் அவருடைய துணைவரும் காட்டினர். கட்டவிழ்த்த அன்றே வேலை முடிந்துவிடுவதில்லை. முன்பு ஒரு தொழில் செய்துவந்த தசைநார் இப்பொழுது வேறு தொழில் கற்றல் வேண்டும். நோயாளி நாள்தோறும் பயின்று, தன் கையைத் தானே புதிதாக அறிந்துகொள்ளல் வேண்டும். ஒரு விரல் சிறிதே அசைந்த நாள் அவனுக்குத் திருநாளாயிருந்திருக்கும்.

ஆயின் நேரான கைகளிலும் புதுப் புண்கள் தோன்றலாயின. தொழுநோய் சதையை அரித்துத் தின்பதாலேயே விரல்கள் குறைகின்றன என்பது அந்நாளைய பொதுக்கருத்து. வேலூரில் இருந்தோர் அக்கருத்தோடு அமைந்துவிடவில்லை. ஒவ்வொரு புண்ணையும் நோக்கி, இஃது எப்பொழுது வந்தது, எதனால் வந்தது என்று ஆராய்ந்தனர். சூடான பாத்திரத்தைப் பற்றியதாலும், கருவியின் கைப்பிடியை அளவுக்கு மிஞ்சி இறுக்கியதாலும் வந்த காயங்கள் பல என்று புலப்பட்டது. நோய் நரம்பைக் கெடுத்து வலியுணர்ச்சியைப் போக்கிவிட, வலியறியாத கை தன்னைக் காத்துக்கொள்ள அறியாதாயிற்று. அதன் பின்னர், நோயாளிகள் தம் கைகால்களை நாள்தோறும் தாமே பார்வையிடக் கற்றனர். புண் முன்னரும் இருந்தது, வினாவே புதிது.

மற்றொரு கசப்பும் உண்டு. கை செம்மையானவர்களுட் சிலர், தமக்கு முன்போலப் பிச்சையும் கிடைக்கவில்லை, நோயின் பெயரால் வேலை தருவாரும் இல்லை என்று வருந்தினர். இதனை நன்றியின்மை என்று தள்ளியிருக்கலாம். பிராண்டோ அக்குறையைச் செவிசாய்த்துக் கேட்டார். தச்சு முதலிய தொழில்களை அவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாடு பிறந்தது. நோய் நீங்குதல் வேறு, வாழ்வு மீளுதல் வேறு என்னும் பாடத்தை மருத்துவர்க்குக் கற்பித்தோர் நோயாளிகளே.

அக்கல்லூரியிலேயே மருத்துவம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1954-இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, அவர் இடுப்பின் கீழ் உணர்வும் இயக்கமும் இழந்தார். பிராண்டு ஊக்கமளிக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்று மீண்டு, அத்துறைக்கு வேலூரில் தலைமை தாங்கினார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. 1972-இல் அரசாங்கம் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர்தம் கால்கள் மீளவில்லை. ஆயினும் அவர் தேறவில்லை என்று யார் கூறுவர்? விபத்து அவரை உயர்த்தியது என்று கூறுதல் தவறு. விபத்து கால்களைப் பறித்தது, அவ்வளவே. அவருடைய உறுதியும், ‘உம்மால் இயலும்’ என்று நம்பிய பிறருடைய துணையுமே அவரை உயர்த்தின.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் ஆகிய நான்கினையும் ஒருங்கே வைத்து எண்ணினார். நோயாளியை மருத்துவத்தைப் பெறுபவனாக மட்டும் கருதாது, அதன் ஒரு பகுதியாகவே எண்ணினார் என்பது கருதத்தக்கது. பணிவிடை செய்பவரை விட்டுவிடாமையும் அத்தகையதே.

கால் எலும்பு முறிந்து யான் சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்ததுண்டு. என்னைப் பெயரிட்டு அழையாமல், ‘ஏழாம் படுக்கை’ என்றே என் முன்னிலையில் பேசிக்கொண்டோர் அங்கு இருந்தனர். படுக்கையை மாற்றுமுன், ‘தம்பி, திருப்பலாமா?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்ட பணியாளர் ஒருவரும் இருந்தார். முன்னதை நினைத்து வெகுண்டும், பின்னதை நினைத்து மகிழ்ந்தும் விட்டொழிந்தால், இரண்டும் வீணே. பிறர் துணையின்றி நகர இயலாதவனுக்கும் மானம் உண்டு என்பதை அவ்விரண்டும் சேர்ந்தே உணர்த்தின. ஒன்று செய்யத்தகாததைக் காட்டிற்று; மற்றொன்று செய்யத்தக்கதைக் காட்டிற்று.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். தீய அனுபவத்தினின்றும் பாடம் கற்கலாம் என்பதால், தீமை நல்லதாகிவிடாது. அன்பற்ற சொல்லும், கவனமற்ற சிகிச்சையும், சமூகத்தின் ஒதுக்கலும் நோயாளிக்குப் பொறுமை கற்பிக்க வந்த கருவிகள் அல்ல; நீக்கவேண்டிய குறைகளே. ‘எல்லாம் நன்மைக்கே’ என்பதை நோயுற்றவன் தன் வாயால் கூறின் அது விசுவாசம். நலமுள்ளோன் அவனை நோக்கிக் கூறின், அது பெரும்பாலும் தன் கடமையைத் தட்டிக்கழிக்கும் வழியாகிவிடுகின்றது.

மாணவ நண்பர்களே! பிணி நீங்கி நம் வகுப்பிற்குத் திரும்பும் தோழன், நடை தளர்ந்தும் நினைவு சோர்ந்தும் இருக்கலாம். ஒரு நாள் தெளிந்தும் மறுநாள் வாடியும் காணப்படலாம். தேறும் வழி நேர்வழியன்று. ‘நோயில் என்ன கற்றாய்?’ என்று அவனை வினவற்க. அவன் விரும்பும்போது அவனே கூறுவான். விட்டுப்போன பாடக்குறிப்புகளை எழுதிக் கொடுங்கள்; மாடிப்படியில் அவன் நடைக்கு இசைய நடவுங்கள். முன்பு நோயுற்றுத் தேறிய நம்மவர், அந்நாளில் தமக்கு இனிதாயிருந்தது எது, இன்னாததாயிருந்தது எது என்று எண்ணிப் பார்த்து, முன்னதைச் செய்து பின்னதைத் தவிர்ப்பாராயின், அவர்கள் தேறுங் காலத்துப் பாடத்தை உண்மையில் கற்றவர்களாவர்.