பைலின் பழைய கதை

"கணக்கு", "கணக்கு புதியது", "கணக்கு கடைசி" என ஒரே பைல் மூன்று பெயரில் நம் கம்ப்யூட்டரில் கிடக்கும். எதை, எப்போது, ஏன் மாற்றினோம் என்பது எதிலும் இருக்காது. திற்பரப்புப் பக்கம் ரப்பர் ஷீட் விற்ற கணக்கை இப்படி வைத்திருப்பவருக்கு இது வெறும் குழப்பம் அல்ல, பணம்.

புரோகிராமர்கள் இதற்குக் கிட் என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்துகிறார்கள். லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதினார். வீட்டிலும் இது பயன்பட வேண்டும் என்பது என் கருத்து. கிட் இனிட், கிட் ஆட், கிட் கமிட் ஆகிய மூன்று கட்டளைகள் தெரிந்தால் போதும். நாம் சொல்லும்போதெல்லாம் மாற்றங்களைத் தேதியுடனும் நம் குறிப்புடனும் பதிந்துகொள்ளும்.

பதிந்ததைப் புரட்டிப் பார்க்க டிக் என்ற புரோகிராம் இருக்கிறது. கிட்டின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்ட பெயர் இது. விண்டோஸுக்கான கிட்டுடன் சேர்ந்தே வருகிறது. டெர்மினலில் அந்த போல்டருக்குள் சென்று இதன் பெயரை டைப் செய்யுங்கள். மாற்றங்கள் வரிசையாக வரும். ஒன்றில் நின்று என்டர் தட்டினால், நீக்கிய வரி மைனஸ் குறியுடனும் சேர்த்த வரி பிளஸ் குறியுடனும் தெரியும். இன்டர்நெட் தேவையில்லை.

ஆனால் இது டெக்ஸ்ட் பைல்களுக்கே பொருந்தும். வேர்டு, எக்ஸெல் பைல்களை இப்படி வரி வரியாகப் படிக்க முடியாது.

இன்னொன்று. குறிப்பில் "மாற்றம்" என்று மட்டும் எழுதினால் டிக்கும் அதைத்தான் காட்டும். "மே மாத விலை திருத்தம், கடை பில்லில் தவறு" என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கப் போவது நீங்கள்தான்.