சவுண்ட் பார்: சுவர் அதிரவா, பேச்சு புரியவா?

புது எல்.இ.டி டிவி வந்து ஒரு மாதம் ஆனதும் பல வீடுகளில் ஒரே புகார் கிளம்பும். "படம் கண்ணாடி மாதிரி இருக்கு, ஆனா என்ன பேசுறாங்கன்னே புரியல." அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கடைக்குப் போகும். கடைக்காரர் ஒரு நீளமான கறுப்புக் கட்டையைக் காட்டி, "இருநூறு வாட்ஸ் சார், ஊஃபரோட வருது" என்பார். ஒரு குத்துப்பாட்டைப் போடுவார். ஷோரூம் கண்ணாடி அதிரும். பில் போட்டாகிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி சீரியலை வைத்தால்... அப்போதும் பேச்சு புரியாது. முன்பு மெதுவாகப் புரியாமல் இருந்தது, இப்போது சத்தமாகப் புரியாமல் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்!

தலைவலிக்கு மருந்து கேட்டவனுக்குத் தவில் வாங்கிக் கொடுத்த கதை இது. தப்பு கடைக்காரர் மேல் மட்டும் இல்லை. "எத்தனை வாட்ஸ்? பேஸ் எப்படி?" என்ற இரண்டே கேள்விகளோடு கடைக்குப் போகிறவர் மேலும் இருக்கிறது. வீட்டு டிவியில் பெரும்பகுதி நேரம் ஓடுவது என்ன? செய்தி, விவாதம், சீரியல், கிரிக்கெட் வர்ணனை, பட வசனம். எல்லாமே பேச்சு. பேச்சுக்காக வாங்கும் ஒரு பொருளை அதிர்வை வைத்துத் தேர்ந்தெடுப்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

புகார் எங்கிருந்து வந்தது?

2006ல் தமிழக அரசு வீடுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த 14 அங்குல கலர் டிவியை நினைத்துப் பாருங்கள். சின்னத் திரைதான். ஆனால் பின்னால் பெரிய கூண்டு. படக்குழாய்க்கு அவ்வளவு ஆழம் தேவைப்பட்டதால் ஸ்பீக்கருக்கும் தாராளமாக இடம் கிடைத்தது. அந்தக் காலத்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்து "வசனம் புரியலையே" என்று யாரும் பெரிதாகப் புலம்பவில்லை.

தட்டை டிவி வந்ததும் கதை மாறியது. ஒல்லியாக இருக்க வேண்டும், ஓரச் சட்டமே தெரியக்கூடாது என்று போட்டி. ஸ்பீக்கரை எங்கே வைப்பது? கீழே பார்த்தபடி அல்லது பின்னால் பார்த்தபடி வைத்தார்கள். சத்தம் நேராகக் காதுக்கு வராமல், சுவரிலும் மேசையிலும் மோதிவிட்டு வருகிறது. ஹாலில் டைல்ஸ் தரை, வெறும் சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல் என்றால் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். மேலே ஃபேன் சத்தம் வேறு.

ஆக, திரை பெரிதாகும்போது அதற்கான வாய் சின்னதாகிவிட்டது. எடுத்துக்கொண்டதைத் தனிப் பெட்டியில் போட்டுத் திரும்ப விற்கிறார்கள். அதையாவது ஒழுங்காகப் பார்த்து வாங்க வேண்டாமா?

உயிரும் மெய்யும்

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது ரொம்ப சுலபம். பேச்சில் சத்தம் பெரும்பாலும் உயிரெழுத்தில் இருக்கிறது. அர்த்தம் பெரும்பாலும் மெய்யெழுத்தில் இருக்கிறது. "கட்டு", "தட்டு", "பட்டு"... மூன்றிலும் முதல் மெய்யைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றே. அந்த ஒரு மெய் காதில் விழாவிட்டால் கதாநாயகி எதைக் கேட்கிறாள் என்றே தெரியாது.

உயிரொலியின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. க, ச, ட, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் கூரான ஒலிகள் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ், அதற்கு மேலும் போகும். அவை பலவீனமானவை, நொடியில் மறைந்துவிடும். பழைய லேண்ட்லைன் டெலிபோன் கடத்தியது சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். பேஸ் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. ஊர்க்கதை முழுவதும் அதில் பேசித் தீர்க்கவில்லையா? பேச்சுக்கு பேஸ் அவசியமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னும் ஒரு படி மேலே. பலமான தாழ்ந்த ஒலி, தனக்கு மேலே இருக்கும் மெல்லிய ஒலிகளைக் காதுக்குள்ளேயே மூடி மறைத்துவிடும். அதாவது ஊஃபரை முறுக்க முறுக்க மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். காசு கொடுத்து வாங்கிய அதே ஊஃபர்!

இதில் முதலில் அடிபடுவது யார்? வீட்டில் வயதானவர்கள். வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அலைவரிசைகளைத்தான். "சத்தம் கேக்குது, வார்த்தை புரியல" என்று பாட்டி சொல்வது அப்பட்டமான உண்மை. அதற்கு வீடு கொடுக்கும் பதில் என்ன? "பாட்டிக்குக் காது செவிடு, வால்யூமைக் கூட்டு." வால்யூம் 40க்குப் போகும். பரீட்சைக்குப் படிக்கிற பேரன் கத்துவான். குறைத்துவிடுவார்கள். பாட்டி ஒன்றும் சொல்லாமல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். பத்தாயிரம் ரூபாய் செலவு செய்த வீட்டில், டிவியை அதிக நேரம் பார்க்கிற ஒரு ஆளுக்கு மட்டும் அது ஊமைப்படம்.

வாட்ஸ் என்னும் மாயை

தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன் செட்டுகளின் மேல் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ" என்று தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஒரு கண நேர உச்சத்தை வைத்து ஊதிப் பெரிதாக்கிய எண் அது. அமெரிக்காவில் இந்தக் கூத்து தாங்காமல் 1974லேயே அரசின் வர்த்தக ஆணையம் ஆம்ப்ளிஃபையர் வாட்ஸ் விளம்பரத்துக்கு விதி போட்டது. அளக்கும் நிபந்தனைகளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு ஏமாற்றியதால் 2024ல் அந்த விதியை மறுபடியும் இறுக்க வேண்டியிருந்தது. 50 வருடம் கழித்தும் அதே பிரச்சினை என்றால் இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடையிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். சிறிய பார்கள் பலவும் அடாப்டரில் ஓடுபவை. அடாப்டர் மேல் "12 வோல்ட், 2 ஆம்பியர்" என்று போட்டிருந்தால் பெருக்கிப் பாருங்கள். 24 வாட். உள்ளே போவதே 24 வாட் என்றால், வெளியே 120 வாட் தொடர்ந்து எப்படி வரும்? குடத்தில் இருந்தால்தானே குவளையில் வரும்.

அடுத்தது, அந்த வாட்ஸ் உண்மையாகவே இருந்தாலும் தேவையா? சாதாரணச் சின்ன ஸ்பீக்கரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 80 டெசிபல் அளவுக்குச் சத்தம் தரும். மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் சோஃபாவுக்கு வரும்போது சுமார் 70. எதிரில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினால் 60 டெசிபல் சுற்றித்தான். ஆக 10க்கு 12 அடி ஹாலில் செய்தி கேட்க ஒரு வாட்டே தாராளம்! 100 வாட்டை 200 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். "அது 100, இது 160" என்று கூடுதலாக இரண்டாயிரம் கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள் :-)

5.1.2, அட்மாஸ் இத்யாதி

டால்பி அட்மாஸ் 2012ல் தியேட்டருக்கு வந்தது. அங்கே கூரையிலேயே ஸ்பீக்கர் இருக்கும். சவுண்ட் பாரில் கூரைக்கு எங்கே போவது? சில விலை உயர்ந்த பார்களில் மேல்நோக்கிய ஸ்பீக்கர் இருக்கும், சத்தத்தைக் கூரையில் அடித்துத் திருப்பும். அதற்குத் தட்டையான, அதிக உயரமில்லாத கூரை வேண்டும். ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடியிலும் அந்த வித்தை பலிக்காது. மேல்நோக்கிய ஸ்பீக்கரே இல்லாத இரண்டடி பாரிலும் "அட்மாஸ்" முத்திரை இருக்கலாம். அந்த சிக்னலை வாங்கிப் புரிந்துகொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்கும் என்று அர்த்தமில்லை.

இந்த எண்களில் பேச்சுக்கு உண்மையிலேயே உதவுவது ஒன்று உண்டு. 2.1 என்றால் இடது, வலது, ஊஃபர். 3.1 என்றால் நடுவில் தனியாக ஒரு ஸ்பீக்கர். சினிமாவின் 5.1 ஒலிக்கலவையில் வசனம் பெரும்பாலும் வருவது அந்த நடு சேனலில்தான். நடு ஸ்பீக்கர் இருந்தால், பின்னணி இசையைத் தொடாமல் வசனத்தை மட்டும் தூக்கிக்கொடுக்க முடியும். ஆனால் கடையில் "சென்டர் ஸ்பீக்கர் இருக்கா?" என்று கேட்கிறவர் எத்தனை பேர்?

"தியேட்டர் எஃபெக்ட் வேண்டாமா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். படம் பார்ப்பவருக்கு பேஸ் ஒரு சந்தோஷம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை மட்டுமே எட்டரை மீட்டர் நீளம். அறையே மூன்று, நாலு மீட்டர். சாதாரணச் செங்கல் சுவர் அதை முழுவதும் தடுக்காது, அடுத்த ஃபிளாட்டுக்குள் போய்விடும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஊஃபர் வாங்கியவர் பலரும் கடைசியில் அதைக் குறைத்து வைத்தோ அணைத்து வைத்தோதான் படம் பார்க்கிறார். அணைத்து வைக்கவா காசு?

தனி வீடு, பெரிய ஹால், மாதம் நாலு படம் என்றால் அவருக்கு வேண்டியது சின்ன பாரே இல்லை. ஐந்து தனி ஸ்பீக்கர் வைத்த நிஜ ஹோம் தியேட்டர். இரண்டடிக் கட்டையிடம் தியேட்டரைக் கேட்பதும் தப்பு, தியேட்டர் தருகிறேன் என்று அது சொன்னால் நம்புவதும் தப்பு.

கடையில் செய்ய வேண்டியது

1. குத்துப்பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். செய்தி வாசிப்பையோ நாலு பேர் கத்தும் விவாதத்தையோ போடச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வார்த்தை பிரிகிறதா என்று கேளுங்கள்.

2. குறைந்த வால்யூமில் கேளுங்கள். சத்தமாக இருப்பதெல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும், இது காதின் பலவீனம். இரண்டு பார்களை ஒப்பிட்டால் இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

3. "வாய்ஸ்", "டயலாக்", "நைட்" என்று ஏதாவது மோட் இருக்கிறதா பாருங்கள். நைட் மோட் வெடிச்சத்தத்தை அடக்கி முணுமுணுப்பைத் தூக்கும். ராத்திரி ரிமோட்டோடு போராட வேண்டியதில்லை.

4. எச்.டி.எம்.ஐ ஏ.ஆர்.சி கண்டிப்பாக வேண்டும். 2009லேயே வந்துவிட்ட வசதி. ஒரே கேபிளில் சத்தமும் போகும், டிவி ரிமோட்டிலேயே பாரின் வால்யூமும் கூடிக் குறையும். பாட்டி கையில் இரண்டாவது ரிமோட்டைத் திணித்தால் அந்த பார் ஒரு வாரத்தில் அலங்காரப் பொருளாகிவிடும்.

5. டிவிக்கு புளூடூத் இணைப்பை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதில் சத்தம் தாமதமாக வரும், உதடு முன்னே, பேச்சு பின்னே. உதட்டைப் பார்த்துப் பாதி வார்த்தையைப் புரிந்துகொள்ளும் வயதானவர்களுக்கு இதைவிடக் கொடுமை இல்லை.

6. டேப் எடுத்துப் போங்கள். 32 அங்குல டிவியின் அகலம் சுமார் 72 செ.மீ. அதைவிட நீளமான பார் தேவையில்லை. டிவியின் கால்களுக்கு நடுவே உள்ள உயரத்தையும் அளங்கள். பார் உயரமாக இருந்தால் திரையின் அடியையும் ரிமோட் சென்சாரையும் மறைக்கும்.

7. அமைதியான காட்சியில் பார் தானாகத் தூங்கிவிடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றில் அந்தத் தொல்லை உண்டு.

இவ்வளவும் செய்ய அரை மணி நேரம் ஆகும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். முடிந்தால் பாட்டியையும் கூட்டிப் போங்கள். பேரன் "செம பேஸ்" என்பதை விட, பாட்டி "இப்ப புரியுதுப்பா" என்பதுதான் அந்தப் பெட்டிக்கு உண்மையான சான்றிதழ். பெட்டி மேல் 200 என்று போட்டிருப்பது யாரோ எழுதிய எண். வீட்டில் நாலு பேரும் ஒரே வால்யூமில் ஒரு சீரியலை முணுமுணுக்காமல் பார்க்க முடிந்தால், அதுதான் கொடுத்த காசின் அளவு.

பின்குறிப்பு: வாங்கும் முன் செலவில்லாத மூன்று வேலைகளைச் செய்து பாருங்கள். டிவியின் ஒலி அமைப்பில் "கிளியர் வாய்ஸ்" மாதிரி ஏதாவது இருந்தால் போடுங்கள். ஹாலில் கனமான திரைச்சீலையும் ஜமுக்காளமும் போடுங்கள். நாற்காலியை நாலடி முன்னால் நகர்த்துங்கள். சில வீடுகளில் இதற்கு மேல் ஒன்றுமே வேண்டியிருக்காது. நேரில் பேசும்போதும் பாட்டிக்கு வார்த்தை தவறுகிறது என்றால் போக வேண்டியது எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு இல்லை, காது டாக்டரிடம்.