கொல்பவர் செலுத்தும் வரி

காட்டுயிர்களைக் கொல்பவர்களே அவற்றின் வாழிடத்தைக் காக்கப் பணம் செலுத்துகிறார்கள் என்றால் நமக்கு முரணாகத் தோன்றும். துப்பாக்கியைத் தொட்டறியாத எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால், அமெரிக்காவில் ஏறத்தாழ 90 ஆண்டுகளாக நடந்துவருவது இதுவே.

1930-களின் வறட்சியிலும், சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கும் வேகத்திலும் அங்கு வாத்துகள் வெகுவாகக் குறைந்தன. நீர்ப்பறவைகளை வேட்டையாடுவோர் ஆண்டுதோறும் ஒரு டாலர் வில்லை வாங்க வேண்டும் என 1934-இல் சட்டம் வந்தது. முதல் வில்லையை வரைந்தவர், நாளிதழ்க் கேலிச்சித்திரக்காரரான டிங் டார்லிங். இன்று அதன் விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நீர்ப்பறவை வாழிடங்களுக்கே செல்கிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காக்கப்பட்டுள்ளது. எல்லாமே விலைக்கு வாங்கிய நிலமன்று. டகோட்டா மாநிலங்களில் நிலம் விவசாயியிடமே இருக்கிறது. அதிலுள்ள ஈரநிலத்தை வடிக்கவோ மூடவோ மாட்டேன் என அவர் எழுதிக்கொடுத்து, அதற்கான தொகையைப் பெறுகிறார். ஊரைக் காலி செய்யாத பாதுகாப்பு இது.

1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியைக் காட்டுயிர்ப் பணிக்கென ஒதுக்கியது. வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு இதில் பங்கில்லை. பொதுநிதி பயின்றவர்களுக்கு இந்த நிபந்தனையின் அருமை புரியும். வரி விதிப்பது எளிது. கஜானாவின் கைக்கு எட்டாமல் அதை வைத்திருப்பதுதான் அரிது.

குறை இல்லாமல் இல்லை. வேட்டைக்காரர் பணம் வேட்டைக்குரிய உயிர்களையே முதலில் நாடுகிறது. தவளைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் எஞ்சுவது சொற்பம். 2016 கணக்கெடுப்பின்படி வேட்டையாடியோர் 1.15 கோடிப் பேர். வயது வந்தோரில் இருபதில் ஒருவர்கூட இல்லை. இன்று அந்த வரியில் பெரும்பங்கு, காட்டுக்கே போகாமல் தற்காப்புக்குத் துப்பாக்கி வாங்குவோரிடமிருந்து வருகிறது. அந்த அச்சம் தணிந்தால் மான்களுக்கான நிதியும் சுருங்கும்!

பறவை நோக்குவோரும் மலையேறுவோரும் அதே நிலத்தை அனுபவிக்கிறார்கள். ஆனால், தொலைநோக்கிக்கும் முதுகுப்பைக்கும் இத்தகைய வரி இல்லை. 1990-களில் அப்படியொரு யோசனை எழுந்து, அத்தொழில் துறையினரின் எதிர்ப்பால் அடங்கிற்று. பொதுவருவாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர் வழங்கும் மசோதா 2022-இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. எங்கிருந்து பணம் எடுப்பது என்பதில் உடன்பாடு ஏற்படாததும் அதற்கொரு காரணம்.