கொள்ளிடத்தின் கோடைப் பங்கு

தமிழ்நாடு அரசின் நீர்வளத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

காவிரியில் ஆற்றுக்கென்றே ஒதுக்கிய நீர் ஆண்டுக்கு 10 டி.எம்.சி. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டபோது சுற்றுச்சூழலுக்கென இதைத் தனியே எடுத்து வைத்தது. 2018இல் பங்குகளை மாற்றிய உச்ச நீதிமன்றமும் இதில் கை வைக்கவில்லை. பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி., அதாவது விநாடிக்குச் சுமார் 960 கன அடி. ஆனால் இது அளக்கப்படும் இடம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு. அதற்குக் கீழே மேட்டூர் அணை. கொள்ளிடம் தொடங்கும் முக்கொம்பு மேட்டூரிலிருந்து இன்னும் 177 கி.மீ. கீழே.

முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளமான ஆறு. தடுக்காவிட்டால் நீரையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் 1836இல் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டினார். டெல்டா வயல்களுக்கு அது தேவை, அதில் வழக்கில்லை. ஆனால் அன்றிலிருந்து கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ள வடிகாலாகவே நடத்தப்படுகிறது. திருச்சி குடிக்கும் நீர் காவிரி, கொள்ளிடம் மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து வருகிறது. முகத்துவாரத்திலோ, ஆற்றில் ஓட்டம் நின்றதும் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. கடலுக்குப் போகும் நீர் வீண் என்று இன்னும் பேசுவது அறியாமை அல்ல, அலட்சியம்.

2018 ஆகஸ்ட் 22 இரவு மேலணையின் 9 மதகுகளை வெள்ளம் அடித்துச் சென்றது. கோடையில் மணல்வெளியாகக் கிடந்த ஆறு அது. பல நூறு கோடி ரூபாயில் புதிய கதவணை எழுந்தது. வெள்ளத்தை வெளியேற்ற இவ்வளவு அக்கறை. கோடையில் ஆறு உயிரோடிருக்க ஓர் அளவும் இல்லை.

மதகு உடைந்த ஏழாம் வாரத்தில், அக்டோபர் 9 அன்று, மத்திய அரசு கங்கைக்குக் குறைந்தபட்ச நீரோட்ட அறிவிக்கை வெளியிட்டது. ஹரித்வாரின் பீம்கோடா தடுப்பணைக்குக் கீழே அக்டோபர் முதல் மே வரை விநாடிக்கு 36 கன மீட்டரும், ஜூன் முதல் செப்டம்பர் வரை 57 கன மீட்டரும் ஓட வேண்டும். நீரைத் திருப்பும் இடத்திலேயே அளவு குறிக்கப்பட்டது. முக்கொம்பு அப்படிப்பட்ட இடம்தான்.

கர்நாடகத்திடம் ஆற்றின் பங்கைக் கேட்டு வாதாடும் அரசு, தன் எல்லைக்குள் அதே ஆற்றுக்கு அதே நியாயத்தை மறுக்கிறது. கொள்ளிடத்துக்கான கோடை அளவை அறிவிக்க வேண்டும். அதற்கு எந்த மாநிலத்தின் சம்மதமும் தேவையில்லை. முக்கொம்புக் கதவுகள் தமிழ்நாட்டின் கையில்தான் இருக்கின்றன.