மூட்டை என்பது ஓர் அளவா?

"மூட்டை என்ன விலை போகிறது?"

அறுவடைக் காலத்தில் டீக்கடையிலும் களத்துமேட்டிலும் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். "ஆயிரத்து ஐந்நூறு" என்பார் ஒருவர். "எங்கள் பக்கம் ஆயிரத்து எண்ணூறு" என்பார் இன்னொருவர். கேட்டவர் பெருமூச்சு விடுவார். "எத்தனை கிலோ மூட்டை?" என்று திருப்பிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அப்படிக் கேட்காமல் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் சம்பா அறுவடை முடிந்து, களத்தில் 30 குவிண்டால் நெல் கிடந்தது. உள்ளூர்த் தரகர் வந்து, மூட்டைக்கு 1,450 ரூபாய் தருவதாகச் சொன்னார். மறுநாள் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார். "1,750 ரூபாய்" என்றார். மூட்டைக்கு 300 ரூபாய் கூடுதல் என்றதும் மனம் குளிர்ந்துவிட்டது. உள்ளூர்க்காரருக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். லாரி வந்து தராசு மாட்டிய பிறகுதான், அவர் சொன்னது 75 கிலோ மூட்டை என்று தெரிந்தது. உள்ளூர்த் தரகர் சொன்னது 60 கிலோ மூட்டை. வானம் இருண்டு நின்றது. களத்தில் நெல் கிடந்தது. வாயை மூடிக்கொண்டு எடை போடச் சொன்னேன்.

இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 75 கிலோ வீதம் 40 மூட்டை. கைக்கு வந்தது 70,000 ரூபாய். அதே நெல் உள்ளூர்த் தரகரிடம் போயிருந்தால் 60 கிலோ வீதம் 50 மூட்டை. 72,500 ரூபாய் கிடைத்திருக்கும். கூடுதல் விலை என்று நினைத்து விற்றதில் 2,500 ரூபாய் நட்டம். அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

ஒரே நெல், பல கணக்கு

டெல்டாப் பக்கம் 60 கிலோ, 62 கிலோ மூட்டை என்பார்கள். திருவண்ணாமலைப் பக்கம் 75 கிலோ மூட்டை. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். அரசு விலை அறிவிப்பதோ குவிண்டாலுக்கு. இத்தனைக்கும் நெல் ஒன்றுதான்.

2025-26 கொள்முதல் பருவத்துக்குத் தமிழக அரசு அறிவித்த விலையை எடுத்துக்கொள்வோம். ஊக்கத்தொகையும் சேர்த்துப் பொது ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். இதன்படி 40 கிலோ சிப்பத்துக்கு 1,000 ரூபாய். 60 கிலோ மூட்டைக்கு 1,500. 62 கிலோவுக்கு 1,550. 75 கிலோவுக்கு 1,875. இந்த நான்கு எண்களும் ஒரே விலைதான். ஆனால் பேச்சில் கேட்கும்போது நான்கு விலையாகத் தோன்றுகிறது. 60 கிலோ விலையைப் பேசிவிட்டு 62 கிலோ அளந்தால், மூட்டைக்கு 50 ரூபாய் சத்தமில்லாமல் போகிறது.

இதோடு சாக்குக் கழிவு வேறு. மூட்டைக்கு 2 கிலோ கழித்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 50 கிலோ பிடிக்கும் காலிச் சணல் சாக்கைத் தராசில் வைத்துப் பாருங்கள். முக்கால் கிலோவைத் தாண்டாது. பிளாஸ்டிக் சாக்கு அதைவிட லேசு. 60 கிலோ மூட்டைக்கு 2 கிலோ கழிவு என்றால், 30 மூட்டைக்கு ஒரு மூட்டை இலவசமாகக் கொடுக்கிறோம் என்று பொருள்.

வாங்கும் மூட்டையும் விற்கும் மூட்டையும்

நாம் வாங்கும் மூட்டையைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். யூரியாச் சாக்கில் நிகர எடை 45 கிலோ, தழைச்சத்து 46 சதவீதம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்கிறது. 2018-ல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. சாக்கில் அச்சடித்திருந்தும், "ஏக்கருக்கு ஒரு மூட்டை" என்ற பழைய கணக்கிலேயே போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முன்பு ஒரு மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து நிலத்துக்குப் போனது. இப்போது போவது 20 கிலோ 700 கிராம். மூட்டைக் கணக்கு விற்கும்போது மட்டுமல்ல, பயிருக்கு உரம் போடும்போதும் காலை வாரிவிடும்.

சான்று விதை வாங்கினால் நீல அட்டை தொங்குகிறது. பயிர், ரகம், குவியல் எண், பரிசோதனை செய்த நாள் எல்லாம் அதில் இருக்கும். முளைக்கவில்லை என்றால் அந்த எண்ணைக் காட்டி நியாயம் கேட்கலாம்.

நாம் விற்கும் மூட்டையில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் வேறு யாரோ ஒருவருடைய கம்பெனிப் பெயர் போட்ட பழைய சாக்கு. நம் பெயர் இல்லை; ஊர் இல்லை; ரகம் இல்லை; எடை இல்லை. ஊரை விட்டுப் போனதும் அது யார் நெல் என்று யாருக்கும் தெரியாது. நல்ல நெல் விளைவித்தவருக்கும் மட்டமான நெல் விளைவித்தவருக்கும் அங்கே ஒரே பெயர்தான்: 'சரக்கு'.

போட்டியாளர்களே ஒன்று கூடினார்கள்

கடையில் விற்கும் சோப்பு, பிஸ்கட் பாக்கெட்டுகளில் கறுப்புக் கோடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை பார்கோடு என்கிறார்கள். அது எப்படி வந்தது என்பதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் மளிகைப் பொருள் தயாரிப்பவர்களும் பெரிய கடைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, 1973-ல் எல்லோருக்கும் பொதுவான ஒரே கோட்டு முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில், ஒரு சூயிங்கம் பாக்கெட் முதன்முதலாக அந்த முறையில் கடையில் விற்பனையாயிற்று.

அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். இருந்தும் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு எண், கடைக்கொரு பெயர் என்று இருந்தால், சரக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் கணக்குப் பார்க்க முடியாது என்பதை உணர்ந்தார்கள். சொல்லும் அளவும் பொதுவாக இருந்தால்தான் வியாபாரம் நடக்கும் என்று கண்டார்கள். கோடிக்கணக்கில் முதல் போட்டவர்களே அப்படிச் சேர்ந்தார்கள் என்றால், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் நாம் ஊருக்கு ஒரு மூட்டை, மண்டிக்கு ஒரு கழிவு என்று பிரிந்து கிடப்பது சரியா?

நுகர்வோருக்கும் சட்டம் துணை நிற்கிறது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, பாக்கெட்டில் பொருளின் பெயர், தயாரித்தவர் முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, விலை எல்லாம் இருக்க வேண்டும். பின்னர் வந்த திருத்தத்தின்படி, ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை விழுகிறது என்பதையும் போட வேண்டும். பாக்கெட் சின்னதா பெரிதா என்பதை வைத்து ஏமாறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பட்டணத்தில் கால் கிலோ பருப்பு வாங்குபவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, ஐந்து மூட்டை பருப்பு விற்கும் விவசாயிக்கும் வேண்டாமா?

சட்டம் நம் பக்கம்தான்

நம் தாத்தா காலத்தில் படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறின. வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் வைத்திருந்தவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1956-ல் எடையளவுச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோ கணக்கு நடைமுறைக்கு வரத் தொடங்கியது. மரக்கால் போய்விட்டது. அதன் இடத்தில் மூட்டை உட்கார்ந்துகொண்டது.

இப்போது நடைமுறையில் இருப்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். அதன் 11-வது பிரிவின்படி, நிர்ணயிக்கப்பட்ட அலகு அல்லாத வேறு அளவில் விலை சொல்லக்கூடாது, வாய்ச்சொல்லாகவும் சொல்லக்கூடாது. ஆகவே "கிலோவுக்கு என்ன விலை, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்பது வம்பு அல்ல, நம் உரிமை. தராசில் முத்திரை இல்லை என்றால் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் புகார் செய்யலாம்.

'ஈரம்' என்பதற்கும் எண் வேண்டும்

அளவைப் போலவே தரமும். ஒரு மண்டியில் 'முதல் தரம்' என்பது அடுத்த மண்டியில் 'சுமார்'. நெல்லைக் கடித்துப் பார்த்து "ஈரமாக இருக்கிறது" என்று விலையைக் குறைப்பார்கள். எத்தனை ஈரம் என்று கேட்டால் பதில் வராது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் என்று ஓர் எண் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. அந்த எண்ணைப் பற்றி வாதாடலாம். கடித்துப் பார்த்த பல்லோடு வாதாட முடியுமா?

இந்த எண் தெரிந்தால் நாமும் கணக்குப் போடலாம். 17 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 96½ கிலோவாகக் குறையும். அப்படிக் காயவைத்து விற்பவருக்குக் கிலோ விலையில் சுமார் 3.6 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தால்தான் கட்டும்; காயவைத்த கூலி தனி. 'நன்றாகக் காய்ந்த நெல்' என்ற வெறும் சொல்லுக்கு அந்தக் கூடுதல் விலை கிடைக்காது. எண்ணைக் காட்டினால் கேட்டு வாங்கலாம். 2016-ல் தொடங்கிய மின்னணுத் தேசிய வேளாண் சந்தையிலும் இதே கதைதான். தரம் எண்ணில் இருந்தால்தான் தூரத்து வியாபாரி சரக்கைப் பார்க்காமல் விலை கேட்பார்.

நம் குறையையும் சொல்ல வேண்டும்

வியாபாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மேலே பெரிய தக்காளி, அடியில் சொத்தைத் தக்காளி என்று பெட்டி கட்டுபவர் நம்மில் இல்லையா? எடை நிற்கத் தண்ணீர் தெளிப்பவர் இல்லையா? கழிவு கேட்பதற்கு அவர்கள் சொல்லும் காரணமே இதுதான். பொதுவான அளவு வந்தால் அது நம்மையும் கட்டுப்படுத்தும். அதற்கு நாம் தயாராக இருக்க வேண்டும்.

சட்டம் வந்து கதவைத் தட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த அறுவடையிலேயே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. விலை பேசும்போது கிலோவுக்கோ குவிண்டாலுக்கோ மட்டும் பேசுங்கள். காலிச் சாக்கை முதலில் எடை போடச் சொல்லி, அதை மட்டும் கழிக்கச் சொல்லுங்கள். எடைச் சீட்டில் மொத்த எடை, சாக்கு எடை, நிகர எடை, ஈரப்பதம் நான்கையும் எழுதி வாங்குங்கள். ஓர் அட்டைத் துண்டில் பெயர், ஊர், ரகம், அறுவடை நாள், நிகர எடை எழுதி மூட்டையில் கட்டுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருப்பவர்கள், எல்லோரும் ஒரே எடையில் மூட்டை கட்டுவது என்று ஒரு தீர்மானம் போடுங்கள்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் எல்லா விளைபொருள்களின் விலையையும் குவிண்டால் கணக்கிலேயே பலகையில் எழுத வேண்டும். ஈரப்பதக் கருவியை விவசாயி தானே வந்து தன் நெல்லைச் சோதித்துக்கொள்ளும்படி வெளியே வைக்க வேண்டும். தனியார் மண்டிக்கும் இதே விதி வேண்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். நாம் போடுவது ஆற்றில் அல்ல, அடுத்தவர் லாரியில். இனி "மூட்டை என்ன விலை?" என்று யாராவது கேட்டால், "எத்தனை கிலோ மூட்டை?" என்று திருப்பிக் கேளுங்கள். அன்று நான் அதைக் கேட்டிருந்தால் 2,500 ரூபாய் என் வீட்டில் இருந்திருக்கும்.